முதல் கடன்பற்று அட்டை: பெயரில் பதிவே இல்லாதவர் என்ன செய்வது?

நம் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் '555' என்னும் எண் பொறித்த சிறிய குறிப்பேட்டை மறந்திருக்க மாட்டார்கள். மளிகைக் கடையில் அரிசியும் சீனியும் நெத்திலியும் வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் தேதியிட்டுத் தொகையை எழுதி வைப்பார். சம்பள நாளன்று மாலை குடும்பத் தலைவர் கடைக்குச் சென்று கணக்கைத் தீர்ப்பார். கடைக்காரர் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடுகளே ஒரு குடும்பத்தின் நாணயத்துக்குச் சான்றாக விளங்கின. மாதந்தவறாமல் கோடு விழுந்த வீட்டில் ஒரு திருமணம் என்றால், கடைக்காரர் கேள்வி கேளாமல் மூட்டை மூட்டையாகப் பொருள் அனுப்புவார். கோடு விழாத வீட்டுப் பிள்ளை உப்பு வாங்கப் போனாலும், "பழைய பாக்கி என்னாச்சு?" என்ற கேள்வி முன்னே வந்து நிற்கும்.

அண்மையில் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற விளக்கக் கூட்டத்தில் நாம் பேசி முடித்ததும், தாயார் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, முப்பது வருஷமா கடையில ஒரு காசு பாக்கி வெச்சதில்ல எங்க வீடு. எம் மகளுக்குக் கார்டு கிடையாதுன்னு பேங்குல சொல்லிட்டாங்க. நாங்க என்ன, ஏமாத்திட்டு ஓடிப் போறவங்களா?" என்று கேட்டார். மண்டபம் சற்று நேரம் அமைதியாயிற்று. அவருடைய மகளுக்கு வயது 24. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 2,300 வெள்ளி சம்பளத்தில் பணிபுரிகிறார். அன்று நேரமின்மையால் சுருக்கமாகவே விடையளிக்க இயன்றது. அந்த விடையை ஈண்டுச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

வங்கி பார்க்கும் குறிப்பேடு

கடைக்காரரின் 555 குறிப்பேட்டை வங்கி பார்ப்பதில்லை. வங்கி பார்க்கும் குறிப்பேடு வேறிடத்தில் உள்ளது. பேங்க் நெகாரா மலேசியா பராமரித்து வரும் 'சிசிரிஸ்' என்னும் மத்தியக் கடன் தகவல் முறையே அது. 2001-ஆம் ஆண்டு முதல் அது கணினி வழி இயங்கி வருகிறது. வங்கிகளிடம் நாம் பெறும் வீட்டுக் கடன், வாகனக் கடன், தனிநபர் கடன், கடன்பற்று அட்டை ஆகியன அனைத்தும் அதில் பதிவாகின்றன. ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குரிய கட்டங்கள் இருக்கும். தவணை பாக்கியில்லாத மாதத்துக்கு 0 என்றும், ஒரு மாதத் தவணை நிலுவையானால் 1 என்றும், இரண்டு மாதமானால் 2 என்றும் அக்கட்டங்கள் நிரப்பப்படும்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவரின் தாளில் சுழியம் போட நம் கை தயங்கியதுண்டு. இங்கோ சுழியமே முழு மதிப்பெண். வரிசையாகப் பன்னிரண்டு சுழியங்கள் வாங்கியவரே வகுப்பில் முதல் மாணவர்.

'சிடிஓஎஸ்' போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்களும் உள்ளன. 2010-ஆம் ஆண்டுக் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் இவை, வழக்குகள், நொடிப்பு நிலை முதலிய தகவல்களையும் திரட்டி வைக்கின்றன. சிடிஓஎஸ் நிறுவனம் 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண்ணும் வழங்குகின்றது.

"என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சிசிரிஸ் ஒரு கறுப்புப் பட்டியல் அன்று. ஒழுங்காகச் செலுத்தியவரின் விவரமும் அதில் உண்டு. தவறியவரின் விவரமும் உண்டு. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று அது எவரிடமும் சொல்வதில்லை. பதிவைப் படித்துவிட்டு முடிவெடுப்பது அந்தந்த வங்கியே.

நாம் மேலே குறிப்பிட்ட பெண்ணின் பக்கத்தில் கெட்ட பதிவு ஏதும் இல்லை. நல்ல பதிவும் இல்லை. பக்கமே வெறுமையாக இருந்தது. கெட்ட பதிவு வேறு, பதிவின்மை வேறு. ஆயினும், முன்பின் அறியாத ஒருவர் கடைக்கு வந்து கடன் கேட்டால் கடைக்காரர் எங்ஙனம் தயங்குவாரோ, அங்ஙனமே வங்கியும் தயங்குகின்றது. மேலும் விசாரித்தபோது வேறு இரு செய்திகள் தெரியவந்தன. அவர் அவ்வேலையில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. பேரங்காடியில் மேசையிட்டு அமர்ந்திருந்த முகவர்களின் பேச்சைக் கேட்டு, ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பங்களும் சிசிரிஸில் பதிவாகும் என்பதை அவர் அறியார். புதியவர் ஒருவர் ஒரே நாளில் நான்கு கடைகளில் கடன் கேட்டுச் சென்றால் ஊரார் என்ன நினைப்பர்?

அட்டை உண்மையில் தேவைதானா?

அன்று பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "கார்டும் வேண்டாம், கடனும் வேண்டாம்" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதைப் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. பெட்ரோல் போடவும், பேருந்துச் சீட்டு வாங்கவும், இணையத்தில் பொருள் வாங்கவும் வங்கிச் சேமிப்புக் கணக்கோடு வரும் டெபிட் கார்டே போதும். அதில் நம் பணத்தைத்தான் நாம் செலவிடுகிறோம். பொருள் வாங்குவது ஒன்றே நோக்கமாயின், கடன்பற்று அட்டையை நாடிச் செல்ல வேண்டியதில்லை.

ஆனால் வீடு என்ற ஒன்று இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 2013-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி தனியார் துறையில் குறைந்தபட்சப் பணிஓய்வு வயது 60. அந்த வயதில் சாமான்களைக் கட்டிக்கொண்டு எங்கே செல்வது என்று தவித்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளின் பெயரில் ஒரு மலிவு விலை வீடு வாங்கலாம் என்று வங்கிக்குச் சென்றால், அங்கே முதலில் புரட்டப்படுவது அந்தப் பன்னிரண்டு கட்டங்களைத்தான். வெறும் பக்கத்தோடு சென்று நிற்பதைவிடச் சில சுழியங்களோடு செல்வது நன்று. முறையாகக் கையாண்டால், ஒரு காசு வட்டியில்லாமல் அந்தச் சுழியங்களை ஈட்டித் தரக்கூடியது கடன்பற்று அட்டை. அதற்காகவே அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

வருமான வரம்பு

முதன்மை அட்டை பெறுவதற்கு வயது 21 நிறைந்திருத்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா வகுத்த விதிகளின்படி ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அதாவது மாதம் 2,000 வெள்ளி. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் உள்ளோர், இரண்டு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. ஒவ்வொரு நிறுவனமும் தரும் கடன் வரம்பு அவருடைய மாத வருமானத்தைப்போல் இருமடங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 2,300 வெள்ளி பெறும் அப்பெண்ணுக்கு ஆண்டு வருமானம் 27,600 வெள்ளி. ஆகவே தகுதி உண்டு. வரம்பு 4,600 வெள்ளிக்கு மேற்படாது.

இங்கே ஒரு கசப்பான கணக்கை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு அது 20,400 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மட்டுமே பெறும் தொழிலாளிக்குச் சாதாரணக் கடன்பற்று அட்டையின் கதவு திறப்பதில்லை. குறைந்த வருமானத்தார் கடன் சுமையில் அகப்படாமல் காப்பதே இவ்விதியின் நோக்கம். நோக்கம் நல்லதே. எனினும், பதிவை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகத் தேவைப்படுவோர்க்கே அது எட்டாமற் போகின்றது என்பதையும் நாம் உணர்ந்தே எழுதுகிறோம்.

செம்பனைக் குலை வெட்டுவோருக்கும் பால் வெட்டுவோருக்கும் வேறொரு சங்கடம் உண்டு. மழை மாதத்தில் வேலை நாள் குறையும், சம்பளமும் குறையும். வங்கிகள் பொதுவாக அண்மைய மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்கும். வருமானம் மாறுபடுமாயின் ஆறு மாதச் சீட்டுகளையும் கேட்பதுண்டு. அடைமழைக் காலத்துச் சீட்டுகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருந்துவதில் பயனில்லை. ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் உடன் இணைத்தால், மாதந்தோறும் சந்தா செலுத்தப்பட்டு வருவதை வங்கி அதில் காணும். குத்தகையாளரிடம் ரொக்கமாகக் கூலி பெறுவோர், கூலியை வங்கிக் கணக்கில் செலுத்தும்படியும் சம்பளச் சீட்டு தரும்படியும் கேட்டுப் பெறுதல் வேண்டும். சொந்தத் தொழில் செய்வோர் சேமநிதியின் 'ஐ-சாரான்' திட்டத்தில் சேர்ந்து தாமே சந்தா செலுத்தி வரலாம். காகிதத்தில் இல்லாத வருமானம் வங்கியின் கண்ணுக்கு இல்லாத வருமானமே.

எங்கே தொடங்குவது?

சம்பளம் வந்து சேரும் வங்கியிலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு மேலாக மாதந்தோறும் சம்பளம் வருவதையும், வந்த அன்றே அனைத்தையும் எடுத்துவிடாமல் சிறிது மிச்சம் நிற்பதையும் அவ்வங்கி தன் கணக்கிலேயே காண்கிறது. வேறெந்த வங்கிக்கும் நீங்கள் அந்நியர், அவ்வங்கிக்கு அப்படியன்று. ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பம் போதும். மறுக்கப்பட்டால், காரணத்தைக் கேட்டறிந்து, அதைச் சரிசெய்துகொண்டு சில மாதங்கள் கழித்து மீண்டும் முயலலாம்.

நிரந்தர வைப்புத் தொகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு அட்டை வழங்கும் வங்கிகளும் உள்ளன. இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளியை வைப்பில் போட்டு அதையே பிணையாக்கும் முறை இது. பணம் அங்கேயே இருக்கும்; அதற்குரிய வட்டியும் சேரும்; ஆனால் அட்டையை வைத்திருக்கும் வரை அதை எடுக்க இயலாது. குறைந்தபட்ச வைப்புத் தொகை எவ்வளவு, வருமான நிபந்தனை யாது என்பன வங்கிக்கு வங்கி வேறுபடும். ஆதலின் கிளைக்கு நேரில் சென்று கேட்பதே சிறந்தது.

மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்க எண்ணியிருப்போர், அக்கடனைக் கொடுக்கும் நிறுவனம் சிசிரிஸில் விவரம் பதிவு செய்கிறதா என்று கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டும். பதிவு செய்யுமாயின், எப்படியும் வாங்கவிருக்கும் அந்த வண்டியே உங்கள் பெயரில் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிடும். தந்தையின் கணக்கில் பெறும் துணை அட்டை அத்தகையதன்று. கணக்கு தந்தையின் பெயரிலேயே நிற்கும். மகன் செலவழித்தாலும் பொறுப்பு தந்தையுடையது.

கூட்டுப் பிடிப்பதும் நாணயத்துக்குச் சான்றுதானே என்று மற்றொரு கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார். கூட்டுப் பணம் நடத்துவதை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடைசெய்துவிட்டது. அதில் எத்தனை ஒழுங்காக இருந்தாலும் எந்த வங்கியிலும் அதை எடுத்துக் காட்ட முடியாது.

அட்டை கைக்கு வந்த பின்

கடன் வரம்பு என்பது சம்பள உயர்வு அன்று. இதைப் பலமுறை சொல்லியும், 4,000 வெள்ளி வரம்பு கிடைத்த மாதத்திலேயே 4,000 வெள்ளிக்குத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வாங்கிய இளைஞர்களைச் சந்தித்து வருகிறோம்.

அட்டையின் வட்டிக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் நாள் கணக்கறிக்கை வருகிறது என்று கொள்வோம். அன்றிலிருந்து குறைந்தது 20 நாள் அவகாசம் உண்டு. எனவே 25-ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். அறிக்கையில் உள்ள முழுத் தொகையையும் அதற்குள் செலுத்திவிட்டால், வாங்கிய பொருள்களுக்கு வட்டி ஏதும் இல்லை. மே 10-ஆம் நாள் வாங்கிய பொருளுக்கு ஜூன் 25-ஆம் நாள் பணம் கட்டுகிறோம். இடைப்பட்ட ஆறு வாரத்துக்கும் வங்கி ஒரு காசும் கேட்பதில்லை. ஒரு பகுதியை மட்டும் செலுத்தினாலோ அச்சலுகை போய்விடும். பொருள் வாங்கிய கணக்கு பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

அறிக்கையில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு சிறு எண் காணப்படும். அது பொதுவாகப் பாக்கியில் நூற்றுக்கு 5, அல்லது 50 வெள்ளி. இவற்றுள் எது அதிகமோ அது. 2,000 வெள்ளி பாக்கி உள்ளவருக்கு 100 வெள்ளி என்று வரும். நல்ல சலுகையாகத் தோன்றும். ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி மட்டும் 30 வெள்ளி. கட்டிய 100 வெள்ளியில் 70 வெள்ளிதான் கடனைக் குறைக்கும். அதன்பின் எதுவும் வாங்காமல், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டி வந்தால், அந்த 2,000 வெள்ளி தீர ஏறத்தாழ 43 மாதங்கள் ஆகும். வட்டியாக மட்டும் 600 வெள்ளிக்கு மேல் போயிருக்கும். வாங்கிய கைத்தொலைபேசி அதற்குள் பழுதாகிக் குப்பைக்குப் போயிருந்தாலும் வியப்பில்லை.

குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டினால் சிசிரிஸில் சுழியமே விழும் என்பது உண்மை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து நாள் தவறாமல் கட்டியோருக்கு வட்டி விகிதம் 15 விழுக்காடு. பன்னிரண்டில் பத்து மாதமேனும் ஒழுங்காகக் கட்டியோருக்கு 17. ஏனையோருக்கு 18 என்று படிகளும் உண்டு. ஆயினும் முழுத் தொகையையும் கட்டுவோருக்கு இப்படிகளைப் பற்றிய கவலையே இல்லை. நாள் தவறினால் தாமதக் கட்டணம் பாக்கியில் நூற்றுக்கு ஒன்று. குறைந்தது 10 வெள்ளி, மிகுந்தது 100 வெள்ளி. இது தவிர, ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி 2018 முதல் உண்டு. வங்கியின் ஆண்டுக் கட்டணம் தனி. சில அட்டைகளுக்கு அது இல்லை. கேட்டு வாங்குங்கள்.

அட்டையைக் கொண்டு பணப்பொறியில் ரொக்கம் எடுப்பதை முதலாண்டில் அறவே தவிர்க்க வேண்டும். எடுத்த கணத்திலேயே கட்டணமும், அன்று முதலே வட்டியும் ஏறும். இருபது நாள் அவகாசம் ரொக்கத்துக்கு இல்லை.

தொடக்கத்தில் ஒரே ஒரு செலவை அட்டைக்கு ஒதுக்குவது நலம். கைத்தொலைபேசிக் கட்டணம் அல்லது மாதப் பெட்ரோல் போதும். எப்படியும் செலவழியும் பணம் அது. புதிய செலவு ஒன்றும் முளைக்காது.

பதிவு கெட்டுப்போனவர்கள்

அதே கூட்டத்தில் ஓர் இளைஞர், எல்லாரும் கலைந்த பிறகு தனியே வந்து பேசினார். மாமன் மகனுக்காகத் தம் பெயரில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆறேழு மாதம் கட்டிய மாமன் மகன், வேலை தேடி ஜொகூருக்குப் போனதோடு தவணையை நிறுத்திவிட்டார். வண்டி அங்கே ஓடுகிறது. பாக்கி இவர் பெயரில் ஏறுகிறது. "கேட்டா அத்தை கோவிச்சுக்குவாங்க சார்" என்றார். உறவு முறியுமே என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இவர் ஒருவரே. வங்கிக்கு அத்தையையும் தெரியாது, மாமன் மகனையும் தெரியாது.

இத்தகையோர் முதலில் தம் சிசிரிஸ் அறிக்கையைப் பெற்றுப் பார்க்க வேண்டும். இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் பதிந்துகொண்டு கட்டணமின்றிப் பெறலாம். பின்பு கடன் கொடுத்த நிறுவனத்தை நேரில் அணுகி, நிலுவையைத் தவணை முறையில் சீர்செய்ய வழி கேட்கலாம். நிலுவையைத் தீர்த்துப் பன்னிரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டி வந்தால், பன்னிரண்டு கட்டங்களிலும் சுழியமே நிற்கும். பழைய எண்கள் காலப்போக்கில் பின்னுக்குச் சென்று மறையும். பல கடன்களில் சிக்கியோருக்கு, 2006-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா அமைத்த 'ஏ.கே.பி.கே.' என்னும் கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனம் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. வங்கிகளோடு பேசித் தவணைகளை ஒழுங்குபடுத்தியும் தருகிறது.

"சிசிரிஸில் உங்கள் பெயரை அழித்துத் தருகிறோம், 500 வெள்ளி கொடுங்கள்" என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். உள்ளபடி இருக்கும் பதிவை எவராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க இயலாது. பதிவில் உண்மையிலேயே பிழை இருந்தால், அப்பதிவைச் செய்த வங்கியிடமே திருத்தம் கோரலாம். அதற்குத் தரகர் வேண்டியதில்லை. அட்டை எடுத்துத் தருவதாகக் கூறி அடையாள அட்டையின் நகலையும், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கேட்போரிடமும் அவ்வாறே விலகியிருங்கள். ஏமாற்றுக்காரரிடம் பணம் போய்விட்டதெனத் தெரிந்தால், தாமதியாமல் உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். வங்கி மறுத்துவிட்டதே என்று ஆலோங்கிடம் போக நினைப்போர்க்கு ஒன்று: உரிமம் பெற்ற வட்டித் தொழிலர் பிணையற்ற கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மாதத்துக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்று அதற்கு மேல் வட்டி பேசுவோர் எவராயினும் சட்டத்துக்குப் புறம்பானவரே.

அந்தத் தாயாரை எட்டு மாதங்களுக்குப் பின் அதே தோட்டத்தில் மீண்டும் கண்டோம். மகள் ஓராண்டு வேலை நிறைந்த பின், சம்பளம் வரும் வங்கியில் மட்டும் விண்ணப்பித்து அட்டை பெற்றிருக்கிறார். வரம்பு 2,000 வெள்ளி. முதல் அறிக்கை 88 வெள்ளிக்கு வந்ததாம். கூடத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தாயார் நமக்குக் காட்டினார். ஒவ்வொரு மாதத்திலும் 22-ஆம் நாளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். கடைசி நாள் 25 ஆயிற்றே என்று கேட்டோம். "மூணு நாள் முன்னாடியே கட்டிடச் சொல்லியிருக்கேங்க ஐயா, கடைக்கும் அப்படித்தான் கட்டுவோம்" என்றார்.